மக்கு என்று எழுதிக்கொண்டு போனார்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, இரண்டு என் அக்கா செத்த பிறகு என் கைக்கு வந்தவை. ஆறில் ஒன்றுகூட இன்னொருத்தர் வாசலில் போய்க் கையேந்தி நின்றதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பையன் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். “பாட்டி, உங்க வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா இருக்கா? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க” என்றான். நான் கதவைச் சாத்தினேன். பேத்திக்குக் கோபம். வெயிலில் வந்த பிள்ளை, ஒரு நம்பர் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். என்ன குறைந்துவிடும் என்று சொல்கிறேன், உட்கார்ந்து எழுது என்றேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், எழுத்துக் கூட்டிப் பஸ் போர்டு படிக்க வரும். இவ்வளவு நீளத்துக்கு எழுத வராது. சொல்ல வரும்.

அப்போது நாங்கள் பம்மலில் இருந்தோம். தெருவுக்கு ஒரு டி.வி. பெட்டி வந்திருந்த காலம். ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் அடுத்தடுத்த அறை. தம்பி பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, வீட்டோடு இருந்தாள். நான் தோல் கம்பெனிக்குப் போனேன். வந்து இறங்குகிற தோலில் உப்பைத் தட்டி உதறுகிற வேலை. பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வரும், நின்றுகொண்டு போனாலும் போவார்களே தவிர உட்கார மாட்டார்கள். எனக்கு அது நாற்றமாகத் தெரிந்ததே இல்லை. அது எங்கள் சோறு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது வேறு இடத்தில், சேலையூரில், ஒரு கல்லூரி வாத்தியார் வீட்டுக் கூடத்தில். அதற்கு வருகிறேன்.

என் கடைசிப் பெண்ணுக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. அதிகம் பேச மாட்டாள். ஆனால் கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் விடாமல் படிப்பாள். சுவரில் கட்சிக்காரர்கள் எழுதினதைப் படித்துவிட்டு, “அம்மா, போன எலெக்‌ஷனுக்கும் இதேதான் எழுதியிருந்தாங்க” என்பாள். மூத்ததுகள் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அதனால் இவளை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். சும்மா சேர்த்துக்கொள்ளவில்லை. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் கேட்டில் போய்ப் போய் நின்று, வாட்ச்மேனுக்கே என்னைப் பார்த்து அலுத்துப்போய் உள்ளே விட்டான். எங்கள் வரிசையிலிருந்து இன்னும் சில பிள்ளைகள் அங்கே போனார்கள். எல்லாரும் தோல் கம்பெனிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஒரு நாள் காலையில் நான் வேலைக்குப் போன பிறகு ஒரு பெண் வந்திருக்கிறாள். சிட்லபாக்கத்துப் பெண், கல்லூரியில் மனோதத்துவம் படிக்கிறவள், கஞ்சி போட்ட சேலை. பள்ளிக்கூடத்தில் விலாசம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைகளுடைய புத்தி எப்படி வளர்கிறது என்று ஆராய்ச்சி, அம்மாக்களைக் கேட்க வேண்டும் என்றாளாம். அந்த நேரத்துக்குக் குழாயில் தண்ணீர் வரும். எந்தப் பொம்பளை குடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்காருவாள்? குழாயடியிலேயே எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள். எனக்கான பதிலை என் ஓரகத்தி சொல்லியிருக்கிறாள். பகலில் என் பெண்ணைப் பார்த்துக்கொண்டவள் அவள்தானே.

நான் அங்கே இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பேச்சுத்தான், அதனால் நேரில் பார்த்த மாதிரி சொல்ல முடியும்.

“சொன்னதைக் குழந்தை சட்டுன்னு புரிஞ்சுக்குமா, ஆன்ட்டி?”

“அய்ய, அதுக்கு இன்னா வெளங்குது. மண்ணு.”

“எழுத்துக்களை அடையாளம் கண்டுபிடிக்கறதுல கஷ்டம் இருக்கா? எப்பவும், சில நேரம், எப்பவும் இல்லை. இதுல எது?”

“நீயே பாத்து ஒண்ணு போட்டுக்கோம்மா. கொடம் நெறஞ்சிட்ச்சி.”

“சரியா சாப்பிடுமா?”

“எங்க துன்னுது. கோயி மாரி கொத்தினு ஓடிப்பூடும்.”

அடுத்த வீட்டுக்காரி அதைவிட ஒரு படி மேலே போனாளாம். “எங்கூட்ல ஒண்ணு கீது பாரு, அத்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறதே தண்டம்.” அப்படிச் சொன்னவளின் பையன் கணக்கில் அந்த வகுப்பிலேயே முதல்.

எங்கள் பக்கத்தில் வெளி ஆள் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். நல்லா இருக்கு என்று சொன்னால் கண் பட்டுவிடும். இரண்டு பிள்ளை போய் மூன்றாவது தங்கினால் அதற்குக் குப்பை என்று பெயர் வைக்கிற ஜனங்கள். எமன் பேரைக் கேட்டுவிட்டு, குப்பைதானே என்று தாண்டிப் போய்விடட்டும் என்று ஓர் எண்ணம். கேட்கிறவருக்கும் அது தெரியும். பிள்ளை தறுதலை என்று சொன்னால், சரி, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என் ஓரகத்தி இதில் மற்றவர்களைவிடப் பயந்தவள். அவளுக்கு ஒரு பையன் இருந்தான், கொழுகொழுவென்று இருப்பான். கல்யாண வீட்டில் ஒருத்தி, “இன்னா துன்ன குடுக்கிற இவனுக்கு?” என்று கன்னத்தைக் கிள்ளினாள். அந்த வாரமே ஜுரம் கண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே இல்லை. என் பெண்தான் அவளுக்குப் பெண். அந்தப் பெண்ணைத்தான் அவள் மண் என்று சொன்னாள்.

எழுதிக்கொண்டு போனவளுக்கு இதெல்லாம் தெரியவில்லையா என்றால், தெரியாமல் எங்கே போகும்? அவளும் தமிழ் வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் கையில் காகிதம் வந்ததும் வீட்டில் கற்றதைக் கழற்றி வைத்துவிட்டாள். மண் என்று சொன்னால் மண் என்று ஒரு கோடு.

பிறகு அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. என் பெண் சாயங்காலம் வந்தாள், பையில் மணி கோத்த நூல் ஒன்று இருந்தது. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை.

“இன்னாடி இது?”

“இன்னைக்கு இதுதாம்மா கிளாஸ். நாங்க கொஞ்ச பேரு இப்போ பின்னாடி ஷெட்டுல உக்காந்துக்கறோம்.”

“பாடம்?”

“பாடம் இல்ல. மணி கோக்கணும். முடிச்சிட்டா அவுத்துட்டு மறுபடி கோக்கணும்.”

மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பொறுமையாகத்தான் பேசினாள். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சல்.

“நாங்களா எதுவும் செய்யலம்மா. ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. மெதுவா கத்துக்கற பிள்ளைங்களுக்குத் தனிக் கவனம் வேணுமாம். உங்க பிள்ளை நல்லதுக்குத்தான்.”

“மெதுவா கத்துக்கிதுன்னு யாரு டீச்சரம்மா சொன்னது?”

“உங்க வீட்டுலதான் சொல்லியிருக்கீங்க.”

“அவ வாங்கின மார்க்கு உங்களாண்டதான கீது. அத்த பாருங்கோ.”

“மார்க்கு மனப்பாடம் பண்ணிக்கூட வாங்கலாம். இது விஞ்ஞானம்.”

அவள் கையாலேயே போட்ட மார்க். அதை நம்பாமல், குழாயடியில் எவளோ குடத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நம்பினாள். எனக்கு முகத்தில் துப்பலாம் போல இருந்தது. துப்பவில்லை, பெண் அங்கே படிக்க வேண்டுமே. ஜூன் மாதம் நாலாம் வகுப்பு பிரிக்கும்போது ஷெட்டில் இருக்கிற பிள்ளைகளை அப்படியே தனிப் பிரிவாக வைத்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். இங்கிலீஷ் கிடையாது, கணக்கு கொஞ்சம், கைவேலை நிறைய. அதற்குள் ஆராய்ச்சி செய்தவர் மாற்றி எழுதிக் கொடுத்தால் மாற்றிக்கொள்வதில் அவளுக்கு ஒன்றும் கஷ்டம் இல்லையாம்.

வீட்டுக்கு வந்து ஓரகத்தியைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னாமே சொல்லி வெச்சிக்கீற நீ? என் பொண்ண கொண்டுபோய் ஷெட்டுல போட்டுட்டானுங்கோ.”

“நான் இன்னாக்கா பண்ணுவேன்? நோட்டும் பேனாவுமா ஒருத்தி வந்து கேக்குறா. படிப்பா, சமத்துன்னு சொல்ல சொல்றியா? முன்ன பின்ன தெரியாதவகிட்ட?”

“இப்ப போய் சொல்லு. வா. தப்பா சொல்லிட்டேன், கெட்டிக்காரின்னு சொல்லு.”

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். “ஷெட்டுல ஒக்காந்தா உசுரோட ஒக்காந்துகினு கீறா இல்ல? கீட்டும்க்கா. என்னாண்ட அத்த மட்டும் கேக்காத.”

நானும் கண்ணேறு நம்பாதவள் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் உப்பும் மிளகாயும் சுற்றிப்போடுகிறவள்தான். ஆனால் ஷெட்டில் உட்கார்ந்து மணி கோத்துக் கோத்து அவிழ்க்கிற பெண், இன்னும் கொஞ்ச நாளில் உண்மையாகவே மண்ணாகிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. மற்ற வீட்டுக்காரிகளையும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருத்தியும் அசையவில்லை. “உம் பொண்ணு பெரிய கலெக்டரு. போ, நீ போய் சொல்லிகினு வா” என்று சிரித்தாள் கணக்குப் பையனின் அம்மா. அவளைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. சொந்தப் பிள்ளை வாயில் மண் விழுகிறது, இவள் நகத்தில் மருதாணி சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் யார் வீட்டுக்கும் போய்க் கெஞ்சினதில்லை. அன்றைக்கும் கெஞ்சப் போகவில்லை, கேட்கப் போனேன். ஆராய்ச்சிக்குப் பொறுப்பான வாத்தியார் வீடு கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி ஒரு காலனியில் இருந்தது. தாம்பரம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. கம்பெனியிலிருந்து நேராகப் போனதால் சேலை மாற்றவில்லை. கதவைத் திறந்தவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மரியாதையில் குறை வைக்கவில்லை. பிறகு எழுந்து போய் ஃபேனைப் போட்டார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சாமி படத்துக்குக் கீழே இருந்த ஊதுவத்தியை எடுத்து, பொழுது சாயாமலே, ஒன்றுக்கு மூன்றாகக் கொளுத்தி எனக்குப் பக்கத்தில் குத்தி வைத்தார். அந்தச் சிட்லபாக்கத்துப் பெண்ணும் அங்கே இருந்தாள், மேசையில் எங்கள் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு.

“என் பொண்ணு மக்கு இல்ல சார்” என்றேன்.

அவர் சிரித்தார். “எல்லா அம்மாவும் அப்படித்தானே சொல்வாங்க.”

“எங்க பக்கத்துல எந்த அம்மாளும் அப்டி சொல்ல மாட்டா சார். அதான் கோளாறே.”

கண்ணேறு விஷயத்தை எல்லாம் சொன்னேன். குழாயடியில் கூட்டமாகக் கேட்டதைச் சொன்னேன். பதில் சொன்னவள் நான் இல்லை, என் ஓரகத்தி என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். குழந்தையைக் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் சொன்னால் போதும், அவர்தான் அம்மா மாதிரி என்றார். மூட நம்பிக்கை ஏழை ஜனங்களிடம் இருப்பது தனக்கும் தெரியும், அது வேறு ஆராய்ச்சி என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வீட்டில், அந்நியர் இரண்டு பேர் காதுபட, என் பெண்ணை நான் புகழ்ந்தேன். எப்போது படிக்க ஆரம்பித்தாள், என்னென்ன படிப்பாள், மூத்தவனுக்கு வாய்ப்பாட்டில் எங்கே தப்பு வருகிறது என்று எடுத்துச் சொல்வாள், எல்லாவற்றையும். பெற்ற வாயால் அப்படிச் சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

“பாருங்கம்மா, நீங்க வகுப்பை மாத்தணும்னு வந்திருக்கீங்க. அதனால நீங்க சொல்றதை நான் கணக்குல எடுத்துக்க முடியாது. உங்களுக்குச் சாதகமா சொல்றீங்க இல்லையா?”

“கொறைய சொன்னா ஒத்துக்கிறீங்கோ. நெறைய சொன்னா ஒத்துக்க மாட்டேன்றீங்கோ. அப்ப எதுக்கு சார் வந்து கேட்டீங்கோ?”

அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பும் ஊதுவத்தியும் சேர்ந்துதான் எனக்குக் குமட்டியது. ஆனால் எழுந்து வரவில்லை. சரி, மறுபடி ஒரு தடவை கேளுங்கள், குழாயடியில் வேண்டாம், ஒவ்வொருத்தியையும் அவரவர் வீட்டுக்குள் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்ல யோசனை, இரண்டாவது தடவை கேட்டால் ஆராய்ச்சிக்கே பலம் என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அன்றைக்கு வீடு திரும்பினதும் உப்பு, மிளகாய், தெருமண் எல்லாம் சேர்த்து என் பெண்ணுக்குச் சுற்றிப்போட்டேன். ஓரகத்தி எதற்கு என்று கேட்கவில்லை. நெடி வரவில்லை என்றதும் அவள் முகம்தான் வெளுத்தது. மிளகாய் நெடி ஏறவில்லை என்றால் கண் பலமாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் காலேஜ் பெண் மறுபடி வந்தாள். நான் லீவு போட்டுவிட்டு இருந்தேன். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போனாள், கதவை ஒருக்களித்துக்கொண்டாள். எல்லாரும் முதலில் என்ன சொன்னார்களோ அதையே சொன்னார்கள். சொன்ன சொல்லை மாற்றுவது எங்கள் பக்கத்தில் அவமானம். கணக்குப் பையனின் அம்மா, “போன தபா சொன்னதுதாம்மா, எத்தினி தபா வந்து கேட்டாலும் அதான்” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது தெருவரைக்கும் கேட்டது.

என் பெண்ணுக்கு இந்தத் தடவையும் ஓரகத்தியைத்தான் கேட்டாள், நானும் போய் அவள் வீட்டு வாசல்நிலையில் நின்றுகொண்டேன். என் பெண் அந்தக் காலேஜ் பெண்ணுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கேள்வி ஆரம்பித்தது. எழுத்துக்களை அடையாளம் கண்டுபிடிப்பதில் கஷ்டம் உண்டா என்று கேட்க அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள், என் பெண், எதிரில் தலைகீழாகத் தெரிந்த காகிதத்தைப் பார்த்து, “எழுத்துக்களை அடையாளம் காண்பதில் குழந்தைக்குச் சிரமம் உள்ளதா” என்று தடங்கல் இல்லாமல் படித்தாள். படித்துவிட்டு, “சின்னம்மா, இதுக்கு பதில் சொல்லு” என்றாள்.

காலேஜ் பெண் பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். ஓரகத்தி என்னைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. “எப்பவும் கஷ்டம்தாம்மா அதுக்கு” என்றாள்.

காலேஜ் பெண் எப்பவும் என்பதில் கோடு போட்டாள்.

நான் அவளைத் தெருமுனை வரை விடவில்லை, மறித்துக்கொண்டேன். “ஏம்மா, கண்ணால பாத்த இல்ல? எதிர்ல படிச்சது கொயந்த. அப்பறமும் எப்டிமா உன் கை போச்சு?”

“ஆன்ட்டி, நான் பார்த்ததை எழுத இதுல இடமே இல்ல. அம்மா சொல்ற பதிலைத்தான் போடணும். நான் மாத்தினா அது தப்பு. உங்க பொண்ணுக்கு மாத்தினா மத்த பிள்ளைங்களுக்கும் மாத்தணும். அப்புறம் எதுவுமே மிஞ்சாது.”

“மிஞ்சாட்டி போவுது. பொய்தான அது?”

அவளுக்கும் கண் கலங்கியது. இந்த வருஷம் ஆராய்ச்சியை எழுதிக் கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போய்விடும், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றாள். நான் வழியை விட்டுவிட்டேன். அழுகிறவளிடம் என்ன பேச்சு? ஆனால் அவள் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் இல்லை. பார்க்காமல் எழுதினது ஒரு பாவம் என்றால், பார்த்த பிறகும் எழுதினதற்கு என்ன பெயர் வைப்பது?

பத்து வருஷம் கழித்து அவளைத் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தேன், ஒரு பையனைக் கையில் பிடித்திருந்தாள். எங்கேயோ பாடம் எடுக்கிறாளாம். என்னை அடையாளம் கண்டு நின்றாள். பையன் நன்றாகப் படிக்கிறானா என்று கேட்டேன். “எங்கே ஆன்ட்டி, சுத்த சோம்பேறி, ஒண்ணும் ஏறாது” என்றாள், அவன் தலையைக் கோதிக்கொண்டே. பையன் கையில் பரிசு வாங்கின கப் ஒன்று இருந்தது. ரயில் வந்துவிட்டது.

வாத்தியாரிடமிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தகவல் போனது. இரண்டு தடவை கேட்டும் எல்லாரிடமும் ஒரே பதில் வந்திருக்கிறது, ஆகவே முழுக்க நம்பலாம் என்று எழுதியிருந்தாராம். தலைமை ஆசிரியை எனக்கு அதைப் படித்துக் காட்டினாள். பொய்யைத் திரும்பச் சொன்னால் அது மெய்யாகிவிடும் என்று நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அங்கேதான். கோர்ட்டில் பொய்ச் சாட்சிக்காரனும் எத்தனை தடவை கேட்டாலும் மாறாமல்தான் சொல்வான். கணக்குப் பையனைப் பற்றி அவனுக்குப் பாடம் எடுக்கிற டீச்சரைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகள் ஒருத்தரையும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்கள் போல.

ஜூன் மாதம் நான் பெண்ணை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டேன். எந்தக் கேட்டில் நின்று நின்று இடம் வாங்கினேனோ அதே கேட்டு வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். அழவில்லை. என் வீட்டுக்காரர்தான், “அவசரப்படற, ஷெட்டோ எதுவோ பெரிய பள்ளிக்கூடம்” என்று இழுத்தார். பெரிய பள்ளிக்கூடத்தில் மணி கோக்கிறதைவிடச் சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடட்டும் என்றேன்.

எங்கள் வீட்டுக்குக் கிட்டத்திலேயே ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம் இருந்தது. ஓடு பிரிந்து, வகுப்புக்குள் ஆடு வந்து நிற்கும். சேர்க்கப் போன அன்று ஓரகத்தி தானும் வருகிறேன் என்று கிளம்பினாள். நான் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்த சமயம். வராதே என்று சொல்லவும் இல்லை. தலைமை ஆசிரியர் அறையில் சேர்க்கைக்கு வந்த கூட்டம் நிற்கிறது, ஆணும் பெண்ணுமாக, முன்பின் தெரியாத முகங்கள். என் பெண் ஓரகத்தியின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் வயசானவர். டி.சி.யைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “அவ்ளோ பெரிய ஸ்கூல விட்டுட்டு ஏம்மா இங்க? பொண்ணு எப்படி, படிக்குமா? நாலாவதுல போடட்டுமா, மறுபடி மூணாவதுலயே உக்கார வெக்கட்டுமா?”

நான் வாயைத் திறந்தேன். பெற்றவள் சொன்னால் யார் நம்புவார்கள் என்ற நினைப்பு வந்தது. சேலையூரில் கேட்டது அது. ஒரு நொடிதான் நின்றேன்.

“நாலாவதுலயே போடு சார்” என்றாள் ஓரகத்தி. குரல் அறைக்கே கேட்டது. “நல்லா படிப்பா. எங்க வூட்லயே இவதான் கெட்டிக்காரி. தலகீயா வெச்சாகூட படிக்கும் என் கொயந்த.”

கூட்டம் திரும்பி என் பெண்ணைப் பார்த்தது. அத்தனை கண்ணும் ஒரே இடத்தில். ஓரகத்தி சொன்ன வாயாலேயே தரையில் தூ தூ என்று துப்பிவிட்டு, குழந்தையின் தலையை இழுத்துத் தன் முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. நான்கு என்று போட்டார்.

அந்த வாரம் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் ஜுரம் வந்தது. ஓரகத்தி சோறு தண்ணீர் இல்லாமல் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஜுரம் தானாக இறங்கியது. பெண் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டபோது ஓரகத்தி போய்க் குழாயடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள், யாருக்கும் அழுகை தெரியக்கூடாது என்று. சாகிற வரைக்கும் அதற்குப் பிறகு என் பெண்ணை அவள் ஒரு தடவைகூடப் புகழவில்லை. பெண் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் சேலை வாங்கிக் கொடுத்தபோதும், “இன்னாத்த வேல பாக்கிறாளோ” என்றுதான் சொன்னாள்.

கணக்குப் பையன் ஷெட்டிலேயே இருந்தான். இரண்டு வருஷம் மணி கோத்தான், பிறகு பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று நின்றுவிட்டான். எங்கள் கம்பெனியிலேயே, தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினான். கை விரலெல்லாம் வெந்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். அவன் அம்மா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் திருப்பிக்கொள்வேன். வாத்தியாருடைய ஆராய்ச்சி புத்தகமாக வந்து, அவருக்கு மாலை போட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தப் புத்தகத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் இன்னும் மக்காகத்தான் இருக்கிறார்கள். யாராவது அதைப் பார்த்து இன்னொரு புத்தகம் எழுதியிருப்பார்கள். எத்தனை பள்ளிக்கூடத்தில் எத்தனை ஷெட் போட்டார்களோ. நினைத்தால் இப்போதும் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

ஓரகத்தி அந்த அறையில் அத்தனை கண்ணுக்கும் முன்னால் சொன்னாளே, அதுதான் அவள் சொன்னதிலேயே மெய். அதை எவனும் எழுதிக்கொண்டு போகவில்லை. இப்போதுதான் எழுதியாகிறது.

போதும், கை வலிக்கும் உனக்கு. எழுதினதை ஆரம்பத்திலிருந்து நிதானமாப் படி, கேக்கறேன். நான் சொல்லாத எதையாவது நீயாச் சேத்திருந்தா அங்கயே நிறுத்துவேன். உங்க சின்னப் பாட்டி பேசினதுல மட்டும் ஒரு எழுத்து மாறக்கூடாது. ம், படி.